வியாழக்கிழமையின் மூன்றாவது கேள்வி

எங்கள் துறையில் வியாழக்கிழமை மூன்று மணிக்கு செமினார். 'மின்னணுச் சாதனங்களும் குவாண்டம் பொருட்களும்: தொடர் சொற்பொழிவு' என்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர் உண்டு. நீல நிறத்தில் ஒளிரும் அணு ஒன்று, அதைச் சுற்றி நாலு வளையம். ஆறு வருடமாக அதே பேனர்தான். பேசுபவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாரா வாரம் புதிதாக ஒரு தாளை ஒட்டுவோம். ஒட்டி ஒட்டி அந்த இடம் மட்டும் அட்டையாகத் தடித்துவிட்டது. ஒட்டுவது என் வேலை. அந்த ஆறு வருடமும் நான் அங்கே பிஎச்.டி. மாணவி. அழைப்பிதழில் ஒருங்கிணைப்பாளர் என்று என் கைடின் பெயர் இருக்கும். கைடு என்றால் என் ஆய்வை மேற்பார்வை பார்த்த பேராசிரியர். ஒருங்கிணைப்பதெல்லாம் நான்.

எங்கள் ஆராய்ச்சி மையம் ராயபுரத்திலிருந்து வடக்கே போகும் சாலையில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில்தான் வரிசை கட்டி நிற்கும். வெளியூர்ப் பேராசிரியர்கள் இதை நம்ப மாட்டார்கள். மேப் இருபத்தைந்து நிமிடம் என்று காட்டுகிறதே என்பார்கள். மேப்புக்கு என்ன, இருந்த இடத்திலிருந்து சொல்லும். ஒரு தடவை பெரிய விஞ்ஞானி ஒருவர் இரண்டு மணி நேரம் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கடைசியில் காரை விட்டு இறங்கி நான் இரவல் வாங்கிப் போன ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. மேடையேறி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பேசியது, எலக்ட்ரான்கள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும் பொருட்களைப் பற்றி. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் இருமுவதுபோல நடித்து வெளியே போய் நின்றேன்.

செமினார் நடந்தால் மட்டும் போதாது, நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். முப்பது பேருடைய கையெழுத்து. இடமும் நேரமும் பதிந்த ஒரு புகைப்படம். பேசியவருக்குச் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுப்பதை இன்னொரு படம். இதெல்லாம் எல்லா ஊரிலும் இருக்கிறதுதான். எங்கள் துறைக்கென்று தனியாக இருந்தது கேள்விச் சீட்டு. ஏதோ ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து, உங்கள் செமினார்களில் கலந்துரையாடலே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனதாம். அன்றிலிருந்து ஒவ்வொரு அறிக்கையிலும் மூன்று கேள்விகள் இருந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. யார் கேட்பார்கள்? பஜ்ஜி எப்போது வரும் என்பதைத் தவிர எங்கள் ஆட்களுக்கு வேறு சந்தேகம் வருவதில்லை. அதனால் முதல் நாளே மூன்று கேள்விகளை நான் எழுதி, மூன்று பேரிடம் சீட்டாகக் கொடுத்துவிடுவேன். முதல் கேள்வி சுலபமாக இருக்கும். இரண்டாவது, பேசுபவர் ஏற்கெனவே விடை வைத்திருக்கும் கேள்வி. மூன்றாவது எப்போதும் ஒன்றே: இதன் எதிர்காலப் பயன்கள் என்ன?

ஒரு வாரம் அழைத்தவர் வரவில்லை. கைடு கடைசி நேரத்தில் வேறொருவரைப் பிடித்து வந்தார். தலைப்பே மாறிவிட்டது. சீட்டை மாற்றி எழுத எனக்கு நேரமில்லை. சூரிய மின்கலம் பற்றி அவர் பேசி முடித்ததும் எழுந்த மாணவி, காந்தப் பொருட்கள் பற்றி நான் எழுதிக் கொடுத்த கேள்வியை அப்படியே படித்தாள். பேசியவரோ முகமெல்லாம் மலர்ந்து, மிக நல்ல கேள்வி என்று பத்து நிமிடம் பதில் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெளிந்தது, இந்த நாடகத்தில் வசனம் மறந்தாலும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

இப்படி ஊரையெல்லாம் கேலி செய்கிறேன், என் கதை அதைவிடக் கேலிக்கூத்து.

என் ஆய்வு ஒரு மெல்லிய படலம் பற்றியது. முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் சவ்வைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைக் கண்ணாடித் துண்டின்மேல் படியவைத்து, இரண்டு ஓரத்திலும் வெள்ளிப் பசையால் பொட்டு வைத்து, பொட்டில் கம்பியை ஒட்டி, மின்சாரத்துக்கு அது எவ்வளவு தடை காட்டுகிறது என்று அளக்க வேண்டும். அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் தடை திடீரென்று எகிறினால், உள்ளே எலக்ட்ரான்கள் கூடிப் பேசி ஏதோ ஒரு புது நிலைக்குப் போய்விட்டன என்று பொருள். அந்த நிலையைத் தேடித்தான் உலகம் முழுக்கப் பெரிய ஆய்வுக்கூடங்களில் கடுங்குளிரை உண்டாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் சனி ஞாயிறு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மாதிரிகளை ஈரம் படாமல் வைக்கும் கண்ணாடிக் குடுவையின் ரப்பர் வளையம் வெடித்துப்போய், புதிய வளையத்துக்கு நான் எழுதிய விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாலை, நன்றாக வேலை செய்யும் மாதிரிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். வீடு காத்திவாக்கத்தில், எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பக்கத்தில். அம்மா, அக்கா, அக்கா மகள், நான் என்று நாலு பேர். டப்பா சமையலறை அலமாரியில் இருக்கும். கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி முழுதாக மூடாது. சனி ஞாயிறு இரண்டு நாளும் மல்டிமீட்டரை வைத்து அளந்து நோட்டில் எழுதுவேன். திங்கட்கிழமை டப்பாவோடு பஸ் ஏறிவிடுவேன்.

தடை எகிறியது. வாரம் முழுக்கச் சும்மா கிடக்கும், பிறகு ஒரே தாவு. மறுபடி சும்மா, மறுபடி தாவு. வரைபடத்தில் போட்டபோது படிக்கட்டு மாதிரி வந்தது. கைடு அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கடுங்குளிரில் தேடுவது நமக்கு அறை வெப்பத்திலேயே கிடைத்துவிட்டது என்றார். கூடத்தைவிட்டு எங்கும் போகாத மாதிரிகளில் படிக்கட்டு வரவில்லையே என்று கேட்டேன். அவையெல்லாம் தரம் குறைந்த மாதிரிகள் என்றார். அதுவும் சரிதான், தரமானவற்றைத்தானே நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

படிக்கு ஒரு வாரம் என்று கட்டுரையில் எழுதினேன். கைடு அதை அடித்துவிட்டு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் என்று எழுதினார். அப்படி எழுதினால் கண்ணியமாக இருக்குமாம். ஆக, சனி ஞாயிறு பார்த்து நிலை மாறும் ஒரு குவாண்டம் பொருளை நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். அரசு ஊழியர் போல அது வேலை நாளையும் விடுமுறையையும் அறிந்திருந்தது. இது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. மாதிரிகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி எழுத வேண்டும். வீட்டில் வைத்திருந்ததைச் சொன்னேன். கூடமானால் என்ன, வீடானால் என்ன, எல்லாம் காற்றுதானே என்றார். 'மாதிரிகள் சாதாரணக் காற்றில் வைக்கப்பட்டன' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. நான் பிறந்ததிலிருந்து மூச்சு விட்ட காற்று அது. எனக்கு அதுதான் சாதாரணம்.

கட்டுரை வெளியானது. பேனரில் என் பெயரை ஒட்டும் நாளும் குறித்தாகிவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அந்தத் தொடரில் ஒரு நாள் நாமே பேச வேண்டும், ஆய்வுக் குழு உட்கார்ந்து கேட்டு ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டிவிட்டால் ஆறு வருடம் முடிந்தது.

மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ கல்யாணத்துக்குப் போவதற்காக அக்கா கொலுசைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா காலடிப்பேட்டை மார்க்கெட்டில் இறால் விற்கிறாள். கறுத்துப்போன கொலுசின்மேல் பல்பொடியைக் கொட்டிப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வெள்ளி எட்டிப் பார்த்தது. போன மாதம்தானே தேய்த்தாய் என்று சும்மாதான் கேட்டேன். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மாசா மாசம் தேய்ச்சிகினுதான் கீறேன். நம்மூரு காத்துல எதுடி வெள்ளையா கீது?"

நான் அலமாரியைப் பார்த்தேன். டப்பாவை இறக்கினேன். கண்ணாடித் துண்டின் இரண்டு ஓரத்திலும் நான் வைத்த வெள்ளிப் பொட்டுகள் கொலுசின் நிறத்தில் இருந்தன. மாதக்கணக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழைய பசை அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். ஆலைப் புகையால் எங்கள் பக்கம் காற்றில் கந்தகம் கலந்து வரும். சில நாள் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளியைக் கந்தகம் தின்னும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம்.

செவ்வாய்க்கிழமை கூடத்தில், கறுத்த பொட்டுகளைச் சுரண்டிவிட்டுப் புதிய வெள்ளிப் பசை வைத்து அளந்தேன். தடை முதல் நாள் இருந்த அளவுக்கே இறங்கி வந்துவிட்டது. ஐந்து மாதிரிகளிலும் அப்படியே. படலத்துக்குள் எதுவுமே நடந்திருக்கவில்லை. எலக்ட்ரான்கள் கூடவும் இல்லை, பேசவும் இல்லை. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

கைடிடம் சொன்னேன். அவர் ஐந்து எண்களையும் வெகு நேரம் பார்த்தார். இதை எதிர்காலப் பணிகள் என்ற பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம், செமினாரில் இப்போது பேச வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர், வாழ்நாளில் முதல் முறையாகப் பெரிய இதழில் பெயர் வந்திருந்தது. அதைவிட, எனக்கு இன்னொரு கணக்கு இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் நேர்முகத் தேர்வில், எலக்ட்ரான் சுவரை எப்படிக் கடக்கும் என்று கேட்டதற்கு, பதற்றத்தில் அது அப்படியே தாண்டிக்கினு போவும் சார் என்று வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டேன். குழு மொத்தமும் சிரித்தது. இவர் ஒருவர்தான், விடை சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார். அவரை மேடையில் நின்று மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? என் செமினாருக்கான சீட்டுகளையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது சீட்டில் இப்படி எழுதினேன்: வெள்ளிப் பொட்டுகள் கறுத்ததனால் தடை கூடியிருக்க வாய்ப்பு உண்டா? அதைப் பக்கத்துத் துறை ஆய்வு மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். நானாகச் சொன்னதாக இருக்காது, கேட்டார்கள், சொன்னேன் என்று இருக்கும். கோழைத்தனம்தான். அதற்கும்கூட இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த வாரம் பரீட்சை. அரங்கை நிரப்ப மாணவர்கள் இல்லை. முப்பது கையெழுத்துக்கு எங்கே போவது என்று வீட்டில் புலம்பினேன். எதற்கென்று அக்கா கேட்கவில்லை. வியாழக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மார்க்கெட்டில் கூட வியாபாரம் செய்யும் எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசி இரண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது பேரும் தலைக்கு மல்லிகைப்பூ. பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கைடு திகைத்துப் பார்த்தார், பிறகு சுதாரித்துக்கொண்டு, அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி என்று மைக்கில் அறிவித்தார். புகைப்படம் அன்றைக்குத்தான் அவ்வளவு அழகாக வந்தது.

முப்பது நிமிடம் பேசினேன். படிக்கட்டு வரைபடத்தைக் காட்டினேன். நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் என்று சொன்னேன். திரையில் கடைசியாக என் மாதிரியின் பெரிதாக்கிய படம் இருந்தது, நடுவில் படலம், இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பொட்டு. முதல் வரிசையில் கைடும், ஆய்வுக் குழுவுக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியையும். முதல் சீட்டு எழுந்தது, கேட்டது, பதில் சொன்னேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சீட்டு வைத்திருந்தவர் கைடின் பின்மண்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரிசெய்துகொண்டே இருந்தார்.

அறிக்கைக்கு ஒரு கேள்வி குறைகிறது. கைடு திரும்பி அரங்கைப் பார்த்தார். கடைசி வரிசையின் மல்லிகைப்பூ கண்ணில் பட்டிருக்க வேண்டும். பெரிய மனதோடு, பொதுமக்களும் கேட்கலாம் என்றார். ஒரு விநாடிகூட ஆகவில்லை, அக்கா எழுந்துவிட்டாள். தங்கைக்கு மூன்று கேள்வி வேண்டும் என்பதை வந்த இடத்தில் யாரையோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"சார், என் கொலுசும் அந்தப் படத்துல கீற மாதிரிதான் கறுத்துப்பூடுது. அதுக்குள்ளயும் அந்தக் குவாண்டம் கீதா?"

கூட இருந்த எட்டுப் பெண்களும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். கைடும் சிரித்தபடி, அந்த அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எளிய தமிழில் சொல்லு என்று என்னிடம் சொன்னார். வெளியூர்ப் பேராசிரியை சிரிக்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்காலப் பயன்கள் நிறைய உண்டு என்று ஏதாவது சொல்லி இறங்கியிருக்கலாம். கேட்டது வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் உதவித்தொகை நின்றதிலிருந்து என்னைச் சாப்பிடவைத்தவள் கொலுசைப் பற்றிக் கேட்கிறாள்.

"இல்லக்கா," என்றேன். மைக்கில் என் வீட்டுப் பேச்சு எனக்கே விநோதமாகக் கேட்டது. "உன் கொலுசுல கீறதுதான் இதுலயும் கீது. வெள்ளி கறுத்துப்பூச்சு. வேற ஒண்ணும் நடக்கல."

பேராசிரியை ஐந்து மாதிரிகளின் எண்களையும் கேட்டார். சொன்னேன். மாதிரிகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்துவிட்டு வாருங்கள், ஒரு வருடம் ஆகும் என்றார். குரலில் கோபம் இல்லை. கைடு என் பக்கம் திரும்பவே இல்லை. பஜ்ஜி வந்தது. மறுநாள் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டார். எல்லா வாரமும் இருக்கும் அதே வரிதான் அதிலும் இருந்தது: மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன, அனைத்துக்கும் திருப்திகரமான விடைகள் அளிக்கப்பட்டன. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஒரு வாரம் கழித்து அவரே எழுதினார். அதில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் என்று இல்லை, ஒரு வாரம் என்று இருந்தது.

அன்று செமினார் முடிந்து ஒன்பது பேரோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தேன். காலடிப்பேட்டையில் எட்டுப் பேரும் இறங்கிக்கொண்டார்கள். நான் நல்லா பேசினேனா என்று அக்கா கேட்டாள். பேசினாய், ஒரு வருடம் போய்விட்டது என்று சொன்னேன். எப்படி என்று கேட்டாள், சொன்னேன். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ நின்று நின்று போனது. அக்கா லாரிப் புகையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தன்னால்தான் போயிற்று என்று நினைத்துக் கலங்குகிறாள் என்று எண்ணி, உன் தப்பு இல்லை என்று தொடங்கினேன். அவள் அதை யோசித்துக்கொண்டிருக்கவில்லை.

"கொலுசுன்னா பல்பொடி போட்டுத் தேய்ச்சிடுவேன்," என்றாள். கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். "உள்ள இன்னாத்தப் போட்டுடி தேய்க்கறது?"

ஆறு வருடம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, மற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் எழுதியவள் நான். இதை எழுதியதில்லை.

அந்த ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். தங்கப் பொட்டு வைத்த மாதிரிகளையும் சேர்த்துக்கொண்டேன், படிக்கட்டு எங்கும் இல்லை. கைடு ஓய்வு பெற்ற பிறகும் என் ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அவர்தான் படித்தார். 'மாதிரிகள் சாதாரணக் காற்றில் வைக்கப்பட்டன' என்ற வரியை அடித்துவிட்டு, 'மாதிரிகள் காத்திவாக்கத்தில் நாலு பேர் வசிக்கும் ஒரு வீட்டின் சமையலறைக் காற்றில் வைக்கப்பட்டன' என்று எழுதியிருந்தேன். அவர் அந்த நாலு பேரைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, இது தேவையா என்று ஓரத்தில் எழுதியிருந்தார். தேவை சார் என்று அதன் கீழே பேனாவால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.